அப்படியே அனுப்பாத

அக்காவின் பேரை எழுத மாட்டேன். எழுதினால் யாராவது தேடிப் போய் ஏதாவது கேட்பார்கள். கேட்க வேண்டியதையெல்லாம் அவரே தன்னைக் கேட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை என்றால் அது இன்னும் மோசம். எப்படியிருந்தாலும் எனக்கும் அவருக்கும் இனிப் பேச்சில்லை. ஆனால் மழை பெய்கிற நாளில் எல்லாம் ஞாபகத்துக்கு வருகிறார். எங்கள் பக்கம் மழை பெய்யாத நாள் எத்தனை?

ஹட்டனில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. மண்சரிவு அபாயமுள்ள தேயிலைத் தோட்டங்களில் சிலரைப் பழக்கி வைத்து, மலையில் வெடிப்பு, புது ஊற்று, சாய்ந்த மரம் என்று எதைக் கண்டாலும் போனில் உடனே சொல்ல வைப்பதுதான் திட்டம். நான் கணினி வேலைக்காரன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற ஒப்பந்தம். எனக்கு மேல் அக்கா. அவருக்கு மேல் கொழும்பில் ஒரு மேடம். மேடத்துக்கு மேல் யார் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நோர்வூட் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். மழையில் வந்தால் மாடிப்படியின் அடியிலேயே நின்று, கைப்பையிலிருந்து பழைய பேப்பர் துண்டை எடுத்து, சப்பாத்தின் அடியைச் சுற்றிச் சுற்றித் துடைப்பார். சேலை ஓரத்தை உதறுவார். அப்புறம்தான் ஏறுவார். ஒருநாள் கேட்டேன்.

"நம்ம ஆபிஸ்தானே அக்கா. யாரு பாக்கப் போறா?"

"நம்ம ஆபிஸ்னாலும் ஆபிஸ்தான் தம்பி. சேத்தோட உள்ள வந்தா சேத்துக்காரின்னுதான் பாப்பான்."

எதை எழுதினாலும் அவருக்கு இப்படித்தான். "அப்படியே அனுப்பாத. கழுவிட்டு அனுப்பு." இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. எனக்குக் காய்ச்சல் வந்து லீவுக் கடிதம் அனுப்பினால், மூன்று இடத்தில் திருத்தித் திரும்பி வரும். திருத்தி மறுபடி அனுப்புவதற்குள் காய்ச்சல் போய்விடும். நான் இதைச் சொல்லிக் கிண்டல் செய்வேன். அக்காவும் சிரிப்பார். ஆனால் திருத்துவதை நிறுத்த மாட்டார்.

திட்டத்துக்காக ஒரு செயலியைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய கம்பெனிகளில் ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் வேலை பிரித்துக்கொள்ளவும் வைத்திருக்கிற செயலி. அதில் எங்கள் திட்டத்தை அமைத்துக் கொடுக்க வேண்டியது நான். முதல் நாள் மேடம் கணினித் திரையில் வந்து விளக்கினார்.

"ஒரே ஒரு மெயின் சேனல். எல்லாரும் அதுல இருக்கணும். யாரும் யாருக்கும் மேல இல்ல. கொழுந்து எடுக்கிற அம்மா எழுதுறத நான் நேரா பாக்கணும். அதுதான் இந்த ஆப்போட அழகே."

"சரிங்க மேடம்," என்றார் அக்கா.

மேடம் திரையிலிருந்து போனதும் அக்கா நாற்காலியை என் பக்கம் இழுத்தார்.

"தம்பி, அந்த மெயின் சேனல்ல நாம ரெண்டு பேரு மட்டும் எழுதுற மாதிரி வைக்க முடியுமா?"

"முடியும். மேடம் வேற மாதிரில்ல சொன்னாங்க?"

"சொல்லுவாங்க. ஒருநாள் நம்ம பொம்பள எழுதுனதப் படிச்சிட்டு அங்க உக்காந்து சிரிச்சாங்கன்னா, அவ அதோட வாயத் தொறக்க மாட்டா. மெயின் சேனல அவங்க பாக்கட்டும். எழுத வேணாம். டிவிசனுக்கு ஒரு சேனல் போட்டுக் குடு. அதுல எனக்கு எழுதட்டும். நான் சரி பண்ணி மேல அனுப்புறேன்."

போட்டுக் கொடுத்தேன். கால் மணி நேர வேலை.

அந்தக் கால் மணி நேரத்தில் நாங்கள் என்ன செய்தோம் என்று அப்போது புரியவில்லை. தோட்டத்தில் தொழிலாளி, நிர்வாகியான துரையிடம் நேராகப் பேச முடியாது. கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி கண்டாக்கிடம் சொல்வார். கண்டாக்கு பெரிய கிளாக்கரிடம் சொல்வார். கிளாக்கருக்கு மனம் இருந்தால் துரைக்குப் போகும். இந்த ஏணியில் ஏறி எத்தனையோ சேதி பாதியில் செத்திருக்கிறது. ஏணியே இல்லாத ஒரு பொருளைக் கொழும்பிலிருந்து கொடுத்தார்கள். லயத்தில் பிறந்த நாங்கள் இருவரும் உட்கார்ந்து அதற்குள் ஒரு ஏணியைக் கட்டினோம். யாரும் கட்டச் சொல்லவில்லை.

ஆனால் அக்காவைக் கெட்டவர் என்று சொன்னால் நான் பொய்யன். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் பயிற்சி நடக்கும்போது அவரைப் பார்த்திருக்க வேண்டும். பன்னிரண்டு பெண்கள், மூன்று ஆண்கள். பாதிப் பேரின் போனில் கண்ணாடி வெடித்திருந்தது. தெய்வானை என்று ஒருத்தி, கீழ்ப்பிரிவில் கொழுந்து எடுப்பவள், நாற்பது வயது. கையைத் தூக்கிக் கேட்டாள்.

"அக்கா, தப்புத் தப்பா எழுதுனா போன் கோவிச்சுக்குமா?"

"உன் புருஷன விட போன் பரவாயில்லடி, எழுது," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

மண்டபமே சிரித்தது. அக்கா சிரித்துக்கொண்டே தெய்வானை பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவள் விரலைப் பிடித்து, குரலைப் பதிவு செய்து அனுப்பக் கற்றுக் கொடுத்தார். "எழுத வராட்டி பேசு. உன் குரல் எனக்கு மட்டுந்தான் கேக்கும். பயப்படாத." அது உண்மை. அவருக்கு மட்டும்தான் கேட்டது.

இன்னொரு அம்மா ஒருநாள் தெரியாமல், தன் வீட்டுக்காரர் இடுப்புச் சாரம் விலகிக் குறட்டை விடுகிற படத்தைச் சேனலில் போட்டுவிட்டார். அக்கா ஒரு நிமிடத்தில் அழித்தார். பிறகு அந்த அம்மாவுக்குப் போன் எடுத்து, மகள் சோதனை எழுதினாளா, ஆட்டுக் குட்டி எப்படியிருக்கிறது என்று பேசிவிட்டு வைத்தார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இப்படி ஒருவரைப் பாதுகாக்க எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன்.

தெய்வானையின் புருஷன் நிழல்மரம் வெட்டும்போது விழுந்து இடுப்பு ஒடிந்தவர். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா; கடைசிக் காம்பராவில் அவர் படுத்த படுக்கை. வீட்டுக்கு வீடு கணக்கெடுக்கப் போனபோது அவர் அக்காவிடம் சொன்னார்.

"மிஸ், மலை வர்றதா இருந்தா எனக்கு மட்டும் முதல்லயே சொல்லிருங்க. மத்தவங்க ஓடிருவாங்க. நான் கெளம்ப ரெண்டு ஆளு வேணும்."

"உங்களுக்குத்தான் முதல்ல சொல்லுவோம்ங்க," என்றார் அக்கா. பட்டியலில் 'நகர இயலாதவர் ஒருவர்' என்று எழுதி அடியில் கோடும் போட்டார்.

ஒரு மதியம் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்துக்கொண்டே தன் கதை ஒன்றைச் சொன்னார். ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது அவர்கள் வீட்டுக் கூரை ஒழுகியது. அப்பா, துரைக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். இவரும் எழுதிக் கொடுத்தார். கிளாக்கர் அதைத் துரையிடம் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில், வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில், நூறு பேருக்கு முன்னால் எடுத்து வாசித்தார். ஒவ்வொரு பிழையிலும் நிறுத்தி, மறுபடி வாசித்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

"எங்கப்பாவும் சிரிச்சாரு தம்பி," என்றார் அக்கா. "அதுதான்."

சோற்றைப் பிசைந்தார். கூரையை யாரும் பார்க்க வரவில்லை என்று பிறகு ஒருநாள் வேறு பேச்சில் தெரிந்துகொண்டேன். வெட்கப்பட வேண்டியவன் அந்தக் கிளாக்கர். ஆனால் வெட்கம் கிளாக்கருக்குப் போகவில்லை. இவரிடம் தங்கிவிட்டது. முப்பது வருடம் கழித்து எங்கள் தலையில் விழுந்தது.

திட்டம் தொடங்கி நான்கைந்து மாதத்தில், நுவரெலியாவில் ஒரு அலுவலகத்தில் கூட்டம். அங்கே ஒரு அதிகாரி, எங்கள் ஆட்கள் அனுப்பிய முதல் சேதிகளைப் புரட்டிவிட்டுப் பக்கத்திலிருந்தவரிடம் சிங்களத்தில் சொன்னார். இந்தத் தோட்டத்து ஆட்களுக்கு ஒவ்வொரு மழைக்கும் மலை வருகிறது, புது வீடு கிடைக்கும் வரை வந்துகொண்டேதான் இருக்கும் என்று. எங்களுக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்தாரோ, தெரிந்தாலும் பரவாயில்லை என்று நினைத்தாரோ. நான் எழுந்தேன். அக்கா என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். திரும்பி வரும் பஸ் நானுஓயா தாண்டும்போது என் பக்கம் திரும்பினார்.

"இனிமே ஒருத்தன் சிரிக்கக் கூடாது தம்பி," என்றார். "இடம், நேரம், நீளம், அகலம், எந்தப் பக்கம், எத்தன குடும்பம். ஆறு கேள்வி. ஆறுக்கும் பதில் இல்லாம ஒரு சேதியும் மேல போகக் கூடாது. அந்த மாதிரி பூட்டு போட முடியுமா?"

போட்டேன். ஆறு கட்டமும் நிரம்பினால்தான் 'அனுப்பு' என்ற பொத்தான் பச்சையாகும். நல்ல வேலை என்று எனக்கே பெருமையாக இருந்தது. மேடம் பாராட்டி ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினார்.

அதற்குப் பிறகு எங்கள் சேதிகள் அழகாகப் போயின. தெய்வானை ஒருநாள் குரல் அனுப்பினாள். "அக்கா, கோயிலுக்குப் பின்னால மண்ணு பேசுது. காது வச்சா கேக்குது. எனக்கு வயித்தக் கலக்குது." அக்கா அவளிடம் ஐந்து கேள்வி கேட்டு, மேலே இப்படி அனுப்பினார்: 'கீழ்ப்பிரிவில் ஆலயத்தின் பின்புறம் சிறிய அளவிலான மண் அசைவு அவதானிக்கப்பட்டுள்ளது. தொடர்ந்து கண்காணிக்கப்படுகிறது.'

"வயித்தக் கலக்குதுன்னு சொன்னது எங்கக்கா?" என்று கேட்டேன்.

"அத எப்படி தம்பி எழுதுறது?"

அந்தச் சேதியில் இருந்த ஒரே உண்மை அதுதான். இருபது வருடம் அந்த மலையில் நடந்தவளுக்கு வயிறு கலக்குகிறது. அதை அக்கா கழுவி ஊற்றிவிட்டார். மேடம் அதற்கு ஒரு இதயக் குறி போட்டார்.

அந்த வருடத்துப் பெருமழை தொடங்கி மூன்றாம் நாள். தோட்டத்தில் அன்றைக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். பள்ளிக்கூடமும், கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவும் ஆற்றுக்கு அந்தப் பக்கம். அது ஒன்றுதான் நல்ல காலம். புருஷனுக்குச் சோறு கொடுக்க, தெய்வானை மற்றவர்களுக்கு முன்னாலேயே மலையிலிருந்து இறங்குவாள். அன்றைக்கு இறங்கும் வழியில் அவள் குரல் வந்தது.

"அக்கா, லயத்துக்கு மேல முப்பது அடிக்கு வெடிச்சிருக்கு. காலையில இல்ல. கையி உள்ள போகுது."

அக்கா படிவத்தைத் திறந்தார். இடம் போட்டார், நேரம் போட்டார், நீளம் போட்டார், குடும்பத் தொகை போட்டார். இரண்டு கட்டம் காலி. தெய்வானைக்குப் போன் எடுத்து, சத்தத்தை எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"தெய்வானை, அகலம் எவ்வளவு?"

"கையி போகுதுக்கா."

"கையின்னா எப்படி எழுதுறது? அங்குலத்துல சொல்லு. அடிமட்டம் வச்சு ஒரு படம் எடு."

"அக்கா, வீட்டுல அவரு இருக்காரு. பக்கத்து லயத்துல ரெண்டு ஆம்பளைங்க நிக்கிறாங்க. கூப்பிட்டு தூக்கிறவா?"

"அவசரப்படாத. சத்தம் போட்டு எல்லாரையும் எறக்கி, ஒன்னும் இல்லாமப் போச்சுன்னா அடுத்த தடவ ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க. நீ அளந்து அனுப்பு. நான் மேல சொல்லி, எறங்கச் சொல்ற அறிவிப்பு வாங்குறேன். பத்தே நிமிஷம்."

"சரிக்கா," என்றாள்.

"இத அப்படியே மேல அனுப்பிருவோம் அக்கா," என்றேன் நான்.

"அகலம் இல்லாம போகாது தம்பி. நீதான பூட்டு போட்ட."

பூட்டுப் போட்டவன் நான். ஒரு நிமிடத்தில் எடுக்கவும் என்னால் முடியும். அதற்கான பக்கத்தைத் திறந்தேன். "பொறு, பொறு, வந்துரும்," என்றார் அக்கா. அந்த வாரம் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். கடிதம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. அது என் கண்ணில் பட்டது. பக்கத்தை மூடினேன். அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இதை மட்டும் விட்டுவிட்டால் நான் நாய்.

அக்கா சும்மா இருக்கவில்லை. அகலம் வந்ததும் அனுப்ப, வாசகத்தைச் சரி செய்துகொண்டிருந்தார். 'அபாயம்' என்று எழுதினார். அழித்து 'அபாய நிலை' என்று எழுதினார். கீழே அதிகாரிகளுக்காகச் சிங்களத்திலும் எழுதினார். பத்து நிமிடம் போயிற்று. இருபது போயிற்று. போன் எடுத்தார், போகவில்லை. "சிக்னல் இல்ல போல," என்றார். முப்பத்தைந்தாவது நிமிடத்தில், தோட்டத்துக் கடைக்காரர் என் போனுக்கு நேராக எடுத்தார்.

"தம்பி, லயத்துல கடைசி மூனு காம்பராவும் போயிருச்சு. ஆளு உள்ள இருக்கு. யாருகிட்ட சொல்றது?"

திரையில் அகலத்துக்கான கட்டம் காலியாகவே இருந்தது.

தெய்வானையின் வீட்டில் அடிமட்டம் கிடையாது. லயத்தின் முன்கோடிக்கு ஓடி, ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பழைய பையிலிருந்து எடுத்துக்கொண்டு, தன் காம்பரா வாசலைத் தாண்டி மறுபடி மேலே ஏறியிருக்கிறாள். "யாரு ஓடுறது?" என்று உள்ளேயிருந்து புருஷன் கேட்டாராம். "நாந்தான், இந்தா வந்துர்றேன்," என்றாளாம். வெடிப்பின் மேல் பக்கத்தில் நின்று அளந்தாள். அதனால் பிழைத்தாள். கீழ்ப்பக்கம் மொத்தமும் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போயிற்று. மற்ற இரண்டு காம்பராக்காரர்களும் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றிருந்தார்கள். போனது ஒரு உயிர்தான் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். ஒரு உயிர்தான்.

விசாரணை என்று ஒன்று நடந்தது. நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டிருப்பதாக மேடம் எழுதினார். பொய்யில்லை. நடைமுறை சரியாகத்தான் பின்பற்றப்பட்டது. இரண்டு மாதத்தில் அக்கா வேலையை விட்டுப் போனார். வலப்பனைப் பக்கம் தங்கை வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. என் ஒப்பந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனார். அதில் தேதி ஒன்றையும் திருத்தியிருந்தார்.

அந்தச் செயலி இன்னும் ஓடுகிறது. பூட்டை எடுத்துவிட்டேன். இப்போது யார் வேண்டுமானாலும் மெயின் சேனலில் எழுதலாம். யாரும் எழுதுவதில்லை.

மலை வந்த மறுநாள் அக்காவும் நானும் போனோம். பாதை உடைந்திருந்ததால் கடைசி இரண்டு மைல் நடை. அந்த லயத்து ஆட்களை எல்லாம் ஆற்றுக்கு அந்தப் பக்கப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்தார்கள். காலையில்தான் உடல் கிடைத்திருந்தது. தெய்வானை இரண்டாம் வகுப்பு அறையில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் வாங்கில், யாரோ கொடுத்த ஆண்கள் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிப் பெண்கள். எங்களைக் கண்டதும் விலகி வழி விட்டார்கள்.

அவள் அக்காவை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். இல்லாவிட்டால் அக்கா அவள் காலில் விழுவார், ஓவென்று அழுவார், ஏதாவது நடக்கும் என்று வாசலில் நின்றேன்.

தெய்வானை எழுந்து நின்றாள்.

"அக்கா, ஒம்பதர இருந்துச்சு," என்றாள். "படமும் எடுத்தேன். போகல. சுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்பறம் போன் மண்ணோட போயிருச்சுக்கா. அதான் அனுப்ப முடியல."

மன்னிப்புக் கேட்கிற குரல். பிந்தி வந்த பிள்ளை டீச்சரிடம் சொல்கிற மாதிரி.

அக்கா அவளையே பார்த்தார். அப்புறம் கைப்பையைத் திறந்தார். கை உள்ளே போய் எதையோ தேடியது. கைக்குட்டை என்று நினைத்தேன். குறிப்புப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்தார்.

"ஒம்பதர அங்குலமா?"

"அங்குலந்தான்க்கா."

"எந்தப் பக்கம்?"

"கோயில் பக்கம்."

அக்கா குனிந்து எழுதினார். பேனா எழுதவில்லை. உதறிவிட்டு மறுபடி எழுதினார். பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எழுதி முடிக்கிற வரைக்கும் தெய்வானை உட்காரவில்லை.